நாலு பேர் பார்க்கிற கார்

1

“…அது முடிஞ்சு போன விஷயம்ண்ணே. காரு வேற, பொண்ணு வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க” என்று சொல்லிக்கொண்டே தாம்பாளத்தை என் பக்கம் நகர்த்தினார் புளி மண்டி துரைசாமி.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். அவற்றின் மேல் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவர் மகனுக்குக் கல்யாணம். போன ஆனி மாதம் வரைக்கும் அந்தப் பத்திரிகையில் என் மகள் சரோஜாவின் பெயர் வருவதாக இருந்தது. இப்போது சித்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். அவள் மேல் எனக்கு என்ன வருத்தம்?

துரைசாமி அழைக்க மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார் வேண்டுமாம். எந்தக் காரை என் மகள் ஓட்டினாள் என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்தாரோ, அதே காரில் தன் மகனை உட்காரவைத்து அல்சூர் பஜாரைச் சுற்றி வர வேண்டுமாம்.

இதை எழுதும்போதும் பேனா காகிதத்தைக் குத்திக் கிழிக்கிறது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆத்திரம்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும், “பெங்களூர்ச் சீமையில் நம்மவர்கள் ரொம்ப முன்னேறிவிட்டார்களாமே, நீகூடக் கார் வைத்திருக்கிறாயாமே” என்று கேட்கிறீர்கள். வைத்திருக்கிறேன். எப்படி முன்னேறியிருக்கிறோம் என்பதை இந்தக் காரை வைத்தே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2

ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்தது மீசை அரும்புகிற வயதில். கண்டோன்மென்ட்டில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு கடை வைத்தேன். சாமி படம், செத்துப்போன தாத்தா படம், பட்டாளத்துத் துரைமார் கும்பலாக நின்று எடுத்துக்கொண்ட போட்டோ எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவேன். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்ததில்லை. படங்களின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் வாய் கொடுத்துக் கற்றது.

சட்டம் போட்ட பெரிய படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாடு. குதிரை ஜட்காவில் வைத்தால் குலுங்கி உடையும். படுக்கப் போட்டால் கண்ணாடி கீறும். நிறுத்திவைத்தால் கூரை இடிக்கும். அதனால்தான், சீமைக்குத் திரும்பிப்போகிற ஒரு பட்டாளத்து டாக்டர் தம்முடைய சின்னக் காரை விற்றுவிட்டுப் போகிறார் என்றதும் ஓடிப்போய் வாங்கினேன். கான்வாஸ் ஹூடை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேலே ஆகாயம்தான். எவ்வளவு உயரமான படத்தையும் பின் சீட்டில் நிற்கவைத்துக் கொண்டுபோகலாம்.

அப்போதே அது பழைய கார். டாக்டருடைய நாய் பிறாண்டிய தடம் சீட்டுத் தோலில் இன்றும் இருக்கிறது. கதவுகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஹார்ன் ரப்பர் பந்தை அமுக்கினால், சத்தம் வருமா வராதா என்று அது கொஞ்ச நேரம் யோசிக்கும். அளவோ, சொல்லவே வேண்டாம். முதல் நாள் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்தபோது ஜட்காக்கார காதர் கீழே இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மொதலாளி, ராத்திரிக்கு இதைக் கட்டி வெப்பீங்களா, இல்ல தேய்ச்சு அண்டா மாதிரி கவுத்து வெப்பீங்களா?”

அந்தப் பேச்சுக்காகவே அவருக்கு ஒரு படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே மனிதர்கள் வாய் திறந்து பேசுவதுதான். என் வயிற்றெரிச்சலும் அதே வாய்களிலிருந்துதான் வந்தது என்பது வேறு கதை.

3

நம் ஊரில் மாப்பிள்ளை குதிரையில் வருவார். என் அக்காள் கல்யாணத்தில் அந்த வாடகைக் குதிரை நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டது. அத்தானும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். குதிரை எழுந்திருக்கிற வரைக்கும் ஊரே காத்திருந்தது. ஏன் இறங்கி நடக்கக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை என்றால் ஏதாவது ஒன்றின் மேல் ஏறி, எல்லார் தலைக்கும் மேலே தெரிய வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஊரைவிட்டு வந்தபோது நம்மவர்கள் அண்டா, குண்டானோடு இந்தச் சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இங்கே குதிரைக்குப் பதில் திறந்த கார். அல்சூரிலும் ஜோகுபாளையத்திலும் தமிழர் வீடுகளுக்குக் கைக்கெட்டுகிற திறந்த கார் என்னுடையது ஒன்றுதான். பிறகு கேட்க வேண்டுமா? முகூர்த்த மாதம் பிறந்தால் என் காரை நான் பார்ப்பதே அபூர்வம். “உங்க காருண்ணே” என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். “நம்ம காரு எங்கே?” என்பார்கள்.

ஊர்வலம் எப்படிப் போகும் தெரியுமா? முன்னால் பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் நாதஸ்வரம். பிறகு கார். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முக்கிலும் நின்று திரும்பி, காரின் மூக்குக்கு நேராகக் குழலை உயர்த்தி ஒரு ராகத்தை எடுப்பார். அது முடிகிற வரைக்கும் கார் முதல் கியரில் நின்று உறும வேண்டும். ரேடியேட்டர் கொதித்து ஆவி அடிக்கும். பார்க்கிறவர்கள் அதையும் ஏதோ வாணவேடிக்கை என்று நினைத்துக் கை தட்டுவார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாப்பிள்ளையைச் சீட்டில் உட்காரவைக்க மாட்டார்களே! சீட்டில் உட்கார்ந்தால் தாழ்வாம், மாலை மட்டும்தான் தெரியுமாம். அதனால் மடித்துவைத்த ஹூடின் மேல் ஜமக்காளத்தை விரித்து, அதன் மேல் அவரை ஏற்றுவார்கள். ஜமக்காளத்துக்கு அடியில் இருப்பது கான்வாஸைத் தாங்குகிற மெல்லிய மரக் குச்சிகள். ஒரு மாப்பிள்ளைக்கு ஒரு குச்சி என்று முறிந்துகொண்டே வந்து, கடைசியில் ஹூடு மேலே ஏறுவதே நின்றுபோயிற்று. கார் மேஸ்திரியிடம் இரண்டு தடவை புதுக் குச்சி போட்டேன். அடுத்த முகூர்த்தத்திலேயே அதுவும் போயிற்று. காருக்குச் சொந்தக்காரன் நான் மழையில் நனைந்துகொண்டு போனேன். பால்காரி முனியம்மா எங்களை வழியில் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொன்னாள்: “காருக்குள்ள குந்திக்கினு குடை புடிக்கிற குடும்பத்த இப்பத்தான் பாக்குறேன்!”

எல்லாருக்கும் கொடுத்தேன். கேட்டால் இல்லை என்று சொல்ல என் வாய்க்குத் தெரியாது. வந்த இடத்தில் நாலு மனிதர்கள் வேண்டும் என்ற பயம் எனக்கு. வெளியூரில் பிழைக்கிற எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்கும்.

4

ஒரு நாள் பெரிய கண்ணாடியை அறுக்கும்போது அது கை மேல் சரிந்தது. இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே நரம்பு அறுந்து, விரல்கள் மடங்காமல் போயின. காரில் கியர் போடுவது இடது கை. என்னால் ஓட்ட முடியவில்லை. டிரைவர் வைக்கிற அளவுக்கு நான் பெரிய மனிதனும் இல்லை. சரோஜா, “நான் கத்துக்கறேன்ப்பா” என்றாள்.

அப்போதுதான் அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கணக்கைக் கன்னடத்தில் போடுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷில் பேசுவாள். நம் ஊருக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்தபோது, “இவங்க எல்லாரும் ஏன்ப்பா சண்டை போடற மாதிரியே பேசறாங்க?” என்று என்னைத் தனியாகக் கேட்டாள். அவர்கள் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லைசென்ஸுக்குப் போன கதையைக் கேளுங்கள். குமாஸ்தா என்னைப் பார்த்து, “உங்களுக்கா?” என்றார். மகளுக்கு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தகப்பனார் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்றார், எழுதினேன். நாளைக்குக் கல்யாணம் ஆனால் புருஷன் சம்மதமும் வேண்டுமே என்றார். அவன் யார் என்றே இன்னும் தெரியாதே என்றேன். “அப்ப தெரிஞ்சதும் வாங்க” என்று காகிதத்தை மூடிவைத்தார்! வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒருவர் அந்தப் பக்கமாக வந்து, ஓட்டிக் காட்டச் சொன்னார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேட்டில் நிறுத்தி, ஒரு விரல்கடைகூடப் பின்னால் சரியாமல் கிளப்பினாள் சரோஜா. கையெழுத்து அன்றைக்கே ஆயிற்று.

கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரச் சர்க்கார், சிட்டியில் மகாராஜா சர்க்கார். எல்லை தாண்டினால் போலீசுக்கு வேறு தலைப்பாகை. அங்கே ஒரு கான்ஸ்டபிள் காரை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், “டிரைவர் எல்லி சுவாமி?” என்று கேட்டார். டிரைவர் எங்கே என்கிறார்! அவள் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, கார் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது, அவர் பின் சீட்டை எட்டிப் பார்க்கிறார். நான் என் அரைகுறைக் கன்னடத்தைச் சேர்த்துக் கட்டுவதற்குள் சரோஜா கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழி விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இந்த வீடு ஓடியது அவள் கையால். காலையில் என்னையும் படங்களையும் கடையில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் வந்து, செய்துவைத்த சட்டங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றில் முடி பறக்க அவள் போகும்போது முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. ஒரு தகப்பனுக்கு வேறு என்ன வேண்டும்?

5

துரைசாமி வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருந்தது. ஜாதகம் பார்த்தார்கள், அதுவும் சரி. நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறிக்கப் போகிற சமயத்தில் தரகர் பொன்னுரங்கம் வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

“பொண்ணு மேல ஒரு குத்தமும் சொல்லலீங்க” என்றார். “படிப்பு, குணம், லட்சணம் எல்லாம் சரின்னுதான் சொல்றாங்க. ஆனா பஜார்ல திறந்த காருல, தலை தெரிய, நாலு பேரு பாக்க ஓட்டிக்கினு போவுதாம். மாப்பிள்ளையோட அம்மாவே கண்ணால பாத்துட்டாங்க. மூடின காரா இருந்தாலும் பரவால்லியாம்.”

“மூடின காராயிருந்தா என் பொண்ணு ஓட்டலாமா?”

“எனக்கென்னாங்க தெரியும்? சொன்னதைச் சொன்னேன்.”

அவரைத் திட்டி என்ன பயன்? அன்றைக்கு நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது என்றார்கள். என் மனைவி அலமேலு எழுந்து உள்ளே போனாள். கார்ச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். “இன்னொரு எடம் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது” என்றாள். நான் சண்டை போட்டேன். “உங்களுக்குக் காரு. எனக்குப் பொண்ணு” என்றாள். சரோஜாவைப் பார்த்தேன். அவள் பேசினால் நான் ஜெயிப்பேன். அவள், “வெச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தமிழில்தான் சொன்னாள். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து கார் கொட்டகையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி பின் சீட்டில் முட்டை இட்டது. ஜட்காவில் போன சட்டங்களில் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. சரோஜா குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். இன்னொரு இடம் வரவில்லை. சிரிப்பும் போயிற்று. சாப்பாட்டின்போது ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். கார் போனது எனக்குப் பெரிதில்லை. வீட்டிலேயே ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தாள். அவளைப் பழையபடி எப்படிச் சிரிக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

6

அப்படியிருக்கிற வீட்டுக்குத்தான் போன வெள்ளிக்கிழமை காலையில் தாம்பாளத்தோடு வந்தார் துரைசாமி.

“பெட்ரோல் கூப்பன் நான் பாத்துக்கறேன்” என்றார். யுத்த காலம், எல்லாவற்றுக்கும் ரேஷன் கூப்பன். “டிரைவரும் நானே கொண்டாறேன். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல.”

“வாடகைக்குத்தான் எத்தனையோ டாக்சி ஓடுதே?”

“எல்லாம் மூடின காருண்ணே! உள்ள உக்காந்தா மாப்பிள்ளை யாரு, தோழன் யாருன்னே தெரியாது. கல்யாணம்னா நாலு பேரு பாக்க வேணாமா?”

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கேலி இல்லை, குத்தல் இல்லை. மனதாரச் சொல்கிறார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் எனக்கு நெருப்பாக எரிந்தது. வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறவனிடமாவது சண்டை போடலாம். இவர் ரொம்ப நல்ல மனிதராக, பழத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே பானை மூடி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அலமேலு வெளியே வந்தாள். முழங்கை வரைக்கும் அரிசித் தவிடு. எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு நடைக்குப் போனாள். அங்கே சரோஜா குடையும் டிபன் டப்பாவுமாகப் புறப்பட்டு நின்றிருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சரோ, நேரமாவுது. காரை எடு” என்று அவள் கையில் சாவியைத் திணித்தாள் அலமேலு.

சரோஜா சாவியைப் பார்த்தாள். “நாலு பேரு பாப்பாங்கம்மா.”

“பாக்கட்டும்டீ. கண்ணு எதுக்குக் குடுத்திருக்கான்?”

துரைசாமி சிரித்துச் சமாளித்தார். “தங்கச்சி, காரைப் பத்தித்தான் நாங்க பேசிக்கினு இருக்கோம்…”

“பேசுங்கண்ணே. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அது வேலைக்குப் போய்ட்டு வரும்.”

அப்போதுதான் என் வாயும் திறந்தது. பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு தாம்பாளத்தைத் திருப்பி நகர்த்தினேன். “கல்யாணத்துக்கு வர்றேன். அட்சதை போடறேன். காரு வராது. அந்தக் காரு மேல இனிமே எந்த மாப்பிள்ளையும் ஏற மாட்டான்” என்றேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

“கோவத்துல பேசறீங்க” என்றார் அவர்.

“ஆமா. கோவத்துலதான் பேசறேன்.”

அவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தார். நானும் வந்தேன். சரோஜா கொட்டகைக் கதவைத் திறந்து, முந்தானையால் சீட்டைத் தட்டி, உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருகினாள். முனகல்கூட இல்லை. மாசக்கணக்கில் கிடந்ததில் பாட்டரி இறங்கிப்போயிருந்தது. முன்னால் கைப்பிடி போட்டு இன்ஜினைச் சுற்றலாம் என்றால் அதன் பல் எப்போதோ தேய்ந்துவிட்டது. தள்ளினால்தான் கிளம்பும். நான் பின்னால் போய் நல்ல கையைக் கொடுத்து அழுத்தினேன். அலமேலுவும் வந்து கை வைத்தாள். கார் வாசல் கல்லைத் தாண்டி முன் சக்கரத்தைத் தெருவில் வைத்துவிட்டு நின்றுகொண்டது. எதிரே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். முனியம்மா பால் அளப்பதை நிறுத்தினாள்.

சரோஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையை மட்டும் திருப்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் பழைய முகமாக இருந்தது.

“மாமா” என்று கூப்பிட்டாள். சம்பந்தம் பேசிய நாட்களில் அவரை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். “அப்பாவுக்கு ஒரு கைதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. நீங்க கொஞ்சம் தள்ளுங்களேன்.”

துரைசாமி தெருவை அந்தப் பக்கம் ஒரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு தடவையும் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை அலமேலுவிடம் கொடுத்தார். சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து நாலாக மடித்து, ஆணியில் மாட்டுவதுபோல என் தோளில் போட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தள்ளினார்.